இலக்கியத் திருவிழாவின் சிறுகதைப் போட்டிக்கு முதல்முறை கதை அனுப்பப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அனுப்புவதில் பலன் உண்டா?

அனுப்புங்கள். ஆனால் ஏற்கெனவே எழுதி முடித்து, கொஞ்ச காலம் கிடப்பில் போட்ட கதை ஒன்று கையில் இருந்தால் அதைத்தான் அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கடைசித் தேதிக்குள் முடித்தாக வேண்டுமே என்று உட்கார்ந்து எழுதும் கதை பெரும்பாலும் ‘போட்டிக் கதை’யாகவே வந்து நிற்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் போட்டிகளுக்குக் கதை அனுப்பியும் இருக்கிறேன், ஒரு விழாவின் முதல்கட்ட வாசிப்பாளராக இருந்து மற்றவர்கள் அனுப்பியதைப் படித்தும் இருக்கிறேன். கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்த வாசிப்பில் கிடைத்தது.

விழா அறிவிப்பில் நடுவர் என்று ஒரு பெரிய எழுத்தாளரின் பெயர் இருக்கும். வந்த கதைகள் எல்லாவற்றையும் அவரே படிப்பார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கதைகள் நூற்றுக்கணக்கில் வரும்போது, அமைப்பாளர்கள் சேர்த்த ஒரு சிறிய குழுதான் அவற்றை முதலில் பிரித்துக்கொண்டு படிக்கும். ஒவ்வொரு கதையையும் குறைந்தது இரண்டு பேர் படிப்பது நல்ல வழக்கம், ஆனால் எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை. குழு ஒரு நெடும்பட்டியல் போடும், அது குறும்பட்டியலாகச் சுருங்கும், நடுவர் கையில் போய்ச் சேருவது அந்தச் சில கதைகள்தான். ஆகவே நடுவரின் நூல்களை வரிசையாகப் படித்து அவர் நடையிலேயே ஒன்றை எழுதி அனுப்புவது வீண் வேலை. அப்படியே அவர் கைக்குப் போனாலும், தன் நடையின் நகலை அவரைவிடச் சீக்கிரம் யாரும் கண்டுபிடித்துவிட மாட்டார்கள்.

அந்த முதல்கட்ட வாசிப்பாளர் எப்படிப்பட்டவர்? பெரும்பாலும் சம்பளமில்லாமல், தன் வேலையை முடித்துவிட்டு வந்து, ராத்திரியில் கணினித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கதைகளைப் படிக்கிறவர். ஒரே அமர்வில் பத்துப் பதினைந்து கதைகள் படித்தால் எல்லாம் கலங்கி ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அலாரம் அடித்து நாயகன் கண் விழிக்கும் கதைகள், மழை பெய்துகொண்டிருக்கும் கதைகள், ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து பழையதை நினைக்கும் கதைகள் என்று கூட்டம் கூட்டமாக வரும். தனியாகப் படித்தால் அவற்றில் ஒன்றும் மோசமில்லை. குவியலுக்குள் கிடக்கும்போதுதான் பிரச்சினை. எழுதுகிறவருக்குத் தன் கதை மட்டும் தெரியும், படிக்கிறவருக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்த கதைகளும் சேர்ந்தே தெரியும்.

விழாவுக்கென்று ஒரு கருப்பொருள் கொடுத்துவிட்டால் இது இன்னும் மோசமாகும். ‘நதி’ என்று கொடுத்தால் வறண்ட ஆறு வரும், மணல் லாரி வரும், ஆற்றில் சாம்பல் கரைக்க வருகிற மகன் வருவான். உங்களுக்கு முதலில் தோன்றியது மற்றவர்களுக்கும் முதலில் தோன்றியிருக்கும். அதைத் தள்ளிவிட்டு, அடுத்தது தோன்றினால் அதையும் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். ஏற்கெனவே இருக்கும் உங்கள் கதைகளில் எது அந்தக் கருப்பொருளை ஓரமாகவாவது தொடுகிறது என்று தேடுங்கள். நதியைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாமல், அக்கரையில் இருக்கிற ஆளோடு பேச்சுவார்த்தை நின்றுபோன கதையும் அந்தத் தலைப்புக்குள் வரும். ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்று வாசிப்பாளர்கள் ஒதுக்கிய கதைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. தலைப்பையே கட்டிக்கொண்டு அழுகிற கதைகள்தான் சலிப்பைத் தந்தன.

அடுத்தது தொடக்கம். பல கதைகள் உண்மையில் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குகின்றன. அதற்கு முன் இருப்பது எழுத்தாளர் தொண்டையைச் செருமிக்கொள்வது. உங்கள் கதையின் முதல் பத்தியை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் வெட்டிவிடலாம். கடைசிப் பத்திக்கும் இதே சோதனை வையுங்கள். அதை இன்னும் கறாராகவே வைக்கலாம், ஏனென்றால் போட்டிக் கதைகளின் பொதுவான நோய் அங்கேதான் இருக்கிறது. முந்தைய பத்தியோடு கதை முடிந்திருக்கும். ஆனால் வாசகருக்குப் புரிந்ததோ இல்லையோ என்ற பயத்தில் எழுத்தாளர் திரும்பி வந்து அர்த்தம் சொல்வார். சொல்கிறவன் செத்துப்போனவன், அல்லது அது நாய் என்று கடைசி வரியில் தெரியவரும் கதைகளையும் இதோடு சேர்க்கலாம். குவியலில் அப்படி நிச்சயம் சில இருக்கும்.

சரி, சொல் வரம்பு. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்தில் 1973-இல் தொடங்கிய பிரிட்போர்ட் பரிசில் சிறுகதைக்கு உச்ச வரம்பு 5000 சொற்கள், குறுங்கதைக்கு 250. காமன்வெல்த் சிறுகதைப் பரிசு 2000-க்குக் கீழே போனால் ஏற்காது, 5000-க்கு மேல் போனாலும் ஏற்காது. (இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மொழிபெயர்க்காமல் தமிழிலேயே கதை அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.) பிபிசியின் தேசியச் சிறுகதை விருது 8000 வரை அனுமதிக்கிறது. விழாப் போட்டிகளில் வரம்பு இவற்றைவிடக் குறைவாகவே இருக்கும். வென்ற கதையை மேடையில் வாசிக்க வைப்பதும் ஒரு காரணம்.

தமிழில் சொற்களை எண்ணுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மென்பொருள் இடைவெளியை வைத்துத்தான் எண்ணும். ‘பார்த்துக்கொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, ‘பார்த்துக் கொண்டு இருந்தான்’ என்று பிரித்தால் மூன்று. இதைப் பயன்படுத்தி வரம்புக்குள் அடைக்கிறேன் என்று சேர்க்கக்கூடாத சொற்களையும் ஒட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. படிக்கிறவருக்கு முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டும். வரம்பு 1500 என்றால் 1400-இல் நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, 3000 சொல் கதையை 1500-க்கு வெட்டாதீர்கள், அதில் எலும்புதான் மிஞ்சும். அந்தக் கதைக்கு வேறு போட்டி பார்க்கலாம்.

நிபந்தனைகளைப் பொறுத்தவரை, கதை எப்படி இருந்தாலும் உங்களை வெளியே தள்ளக்கூடியவை ஒன்றிரண்டு இருக்கின்றன. பெயர் மறைப்பு அதில் முக்கியம். கதைக்குக் கீழே பெயர் எழுதக்கூடாது என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள், கோப்பின் பெயரில் தன் பெயரை வைத்துவிடுகிறார்கள். வேர்ட் கோப்பின் பண்புகளுக்குள் ‘ஆசிரியர்’ என்ற இடத்திலும் உங்கள் பெயர் தானாகப் பதிந்திருக்கும், அனுப்பும் முன் அதையும் நீக்குங்கள். எழுத்துரு ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். பிடிஎஃப் கேட்டால் பிடிஎஃப், வேர்ட் கேட்டால் வேர்ட். வெளிநாட்டு விழா என்றால் கடைசி நாளின் நள்ளிரவு எந்த நாட்டு நேரப்படி என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒரு வரியும் இப்போது பல இடங்களில் சேர்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ என்ற அறிவியல் புனைகதை இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் குவிந்ததால் கொஞ்ச காலம் கதை வாங்குவதையே நிறுத்தியது. ஆகவே உறுதிமொழி கேட்டால் அதைப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

‘வேறெங்கும் வெளிவராத கதை’ என்பது அநேகமாக எல்லாப் போட்டிகளிலும் இருக்கும். (விதிவிலக்கு உண்டு. ஆப்பிரிக்க எழுத்துக்கான கெயின் பரிசு ஏற்கெனவே வெளிவந்த கதைகளை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும்.) உங்கள் வலைப்பூ, முகநூல், வாசகர் குழு எல்லாம் ‘வெளியீடு’ என்றுதான் பல அமைப்பாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பதிவை நீக்கிவிட்டேனே என்ற வாதம் எடுபடாது.

அப்புறம் உரிமை. வென்ற கதையை விழாத் தொகுப்பில் வெளியிட அவர்களுக்கு அனுமதி தருவது நியாயமானது. ‘அனுப்பப்படும் எல்லாக் கதைகளின் முழு உரிமையும் அமைப்பாளருக்கே’ என்று இருந்தால் நான் அனுப்ப மாட்டேன், பரிசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. தோற்ற கதையைக்கூட நீங்கள் திரும்பப் பெற முடியாத ஏற்பாடு அது. நுழைவுக் கட்டணம் வாங்குவது தன்னளவில் தவறில்லை, வாசிப்பாளர்களுக்கும் பரிசுக்கும் எங்கிருந்தோ பணம் வர வேண்டும். ஆனால் நடுவர் யார், முந்தைய ஆண்டு வென்றவர் யார் என்ற விவரம் எதுவும் இல்லாமல் கட்டணம் மட்டும் தெளிவாக இருந்தால் விலகிவிடுங்கள்.

அமைப்பாளரின் உறவினர்களும் ஊழியர்களும் கலந்துகொள்ளக்கூடாது என்ற நிபந்தனையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ நினைவுக்கு வருவார். 1833-இல் பால்டிமோரில் ஒரு வார இதழ் நடத்திய போட்டியில் அவர் கதைக்கு முதல் பரிசான 50 டாலர் கிடைத்தது. அதே போட்டியில் கவிதைக்கான பரிசு வேறொருவருக்குப் போனது. புனைபெயரில் எழுதிய அந்த ஆள், அந்த இதழின் ஆசிரியரேதான். போ கொதித்துப் போனார் என்று சொல்லவும் வேண்டுமா? ஆனாலும் அந்தப் போட்டியால்தான் நடுவர்களில் ஒருவரான எழுத்தாளர் ஜான் பென்டில்டன் கென்னடியின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. அடுத்தடுத்து இதழ்களில் எழுதவும் வேலை கிடைக்கவும் அது வழிவிட்டது.

பலன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். பரிசுத் தொகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வந்தால் சந்தோஷம். குறும்பட்டியலில் பெயர் வந்தாலே இதழாசிரியர்கள் அடுத்த கதையைக் கொஞ்சம் கவனமாகப் படிப்பார்கள், இது நிஜம். விழாப் போட்டியில் இன்னொரு சௌகரியமும் உண்டு, முடிவை அறிவிப்பது பெரும்பாலும் விழா மேடையில்தான். பட்டியலில் இல்லாவிட்டாலும் போய் உட்காருங்கள். வென்ற கதையை எழுதியவர் வாயாலேயே கேட்கலாம், நடுவர் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வதையும் கேட்கலாம். சில நேரம் அந்தக் காரணம் உங்களுக்கு ஒப்பாது. எனக்கும் பலமுறை ஒப்பவில்லை. ஒரு கதையை வலுவாக எதிர்த்த இரண்டு வாசிப்பாளர்களும் உயிரைக் கொடுத்து ஆதரித்த ஒருவரும் இருக்கும்போது, யாருக்கும் ஆட்சேபணை இல்லாத வேறொரு கதை மேலே ஏறிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். குழுவாக முடிவெடுக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

அனுப்பிய கதையை முடிவு வரும்வரை வேறெங்கும் அனுப்பலாமா என்பது நிபந்தனையில் இருக்கும். கூடாது என்றிருந்தால் காத்திருங்கள். முடிவு வந்ததும், தேர்வாகவில்லை என்றால், ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு உடனே ஓர் இதழுக்கு அனுப்பிவிடலாம். திருத்துகிறேன் என்று மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம். போட்டிக் குழுவிடம் கருத்துக் கேட்டு மின்னஞ்சல் போடாதீர்கள், தனித்தனியாகப் பதில் எழுத அவர்களால் முடியாது. உங்கள் போட்டி அறிவிப்பில் உரிமை பற்றிய பத்தி எப்படி எழுதியிருக்கிறது என்று இங்கே போட்டால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.