வேலை நேரத்தில் விபத்து: கம்பெனியிடம் கேட்பதா, மோதிய காரின் இன்சூரன்ஸிடம் கேட்பதா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குட்டி யானை ஓட்டுகிறேன். வயது 32, சம்பளம் 22,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு முன் லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது, ராங் சைடில் வந்த கார் மோதி வலது கால் முறிந்துவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். "தொழிலாளர் ஆபீஸில் மனு போட்டு இழப்பீடு வாங்கித் தருகிறோம், கையெழுத்துப் போடு" என்கிறது கம்பெனி. போடலாமா? கார்க்காரர் மேலும் கேஸ் போட முடியுமா?

பதில்: அந்தக் கையெழுத்தை இப்போதைக்குப் போடாதீர்கள். கம்பெனி உங்களை ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. நல்ல மனதோடு கூட உதவலாம். ஆனால் அந்த மனுவைப் போட்டால் இன்னொரு கதவு மூடிவிடும்.

உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வேலையில் அடிபட்டதற்காக முதலாளியிடமிருந்து பெறும் இழப்பீடு. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்த உரிமை 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. இன்னொன்று, மோதிய காரின் ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி ஆகியோர் மீது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் வழக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆவது பிரிவு, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து முடித்தவர் மற்றதற்குத் திரும்ப முடியாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, எதில் எவ்வளவு வரும்? உங்களுக்கு நிரந்தரமாக 20 சதவீத வருமான இழப்பு என்று வைத்துக் கணக்குப் போடுவோம். முதலாளி வழியில் உங்கள் சம்பளம் 22,000 ஆனாலும் கணக்கில் எடுப்பது 15,000 மட்டுமே. 2020 அறிவிப்பின் உச்சவரம்பு அது. அதில் 60 சதவீதம் 9,000. 32 வயதுக்கான காரணி எண் 203.85-ஆல் பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் 3,66,930 ரூபாய்.

தீர்ப்பாயத்தில் முழுச் சம்பளமும் கணக்கில் வரும். ஆண்டுக்கு 2,64,000. உங்கள் வயதுக்குப் பெருக்கு எண் 16. இரண்டையும் பெருக்கியதில் 20 சதவீதம் 8,44,800. வருங்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 11,82,720. மருத்துவச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, படுத்திருந்த மாதங்களின் சம்பளம் எல்லாம் இதற்கு மேல் தனியாக வரும்.

அந்த 20 சதவீதத்தையும் நான் குறைத்தே வைத்திருக்கிறேன். டாக்டர் எழுதும் ஊன சதவீதமும், தொழிலில் நீங்கள் இழக்கும் சதவீதமும் ஒன்றல்ல என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு முழங்கால் மடங்காதது ஒரு தொல்லை. பிரேக் மிதிக்கும் வலது கால் மடங்காவிட்டால் டிரைவருக்குப் பிழைப்பே போய்விடும். மருத்துவச் சான்று வாங்கும்போது உங்கள் தொழில் என்ன என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் முதலாளி வழி வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டது, அதற்கு இன்சூரன்ஸ் இல்லை, அல்லது தவறில் பெரும்பங்கு உங்களுடையது என்றால் நானே அந்த வழியைத்தான் சொல்வேன். உங்கள் விஷயத்தில் கார் பிடிபட்டதா, விபத்து நாளில் பாலிசி உயிரோடு இருந்ததா என்பதை முதலில் பாருங்கள். காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் நகலோடு இந்த விவரத்தையும் வாங்கலாம்.

இன்னொரு பயமும் உங்களுக்கு இருக்கலாம்: கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கொடுத்திருந்தால் தேர்வு முடிந்துவிட்டதா? இல்லை. நீங்கள் மனுப் போடாமல் முதலாளி தானாகச் செலுத்திய தொகையை வாங்கியது தேர்வு ஆகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தொகை தீர்ப்பாயம் தரும் தொகையில் கழிக்கப்படும், அவ்வளவுதான். எனவே பணத்துக்கு ரசீது எழுதிக் கொடுங்கள். ஆனால் தொழிலாளர் ஆணையருக்கான மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 21,000-க்கு மேல் வாங்குவதால் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. காரின் இன்சூரன்ஸ் கம்பெனியும் தீர்ப்பாயத்தில் அதையே தடையாக எழுப்பும். அந்த நிலையில் வக்கீலைப் பார்க்காமல் எந்த அடியும் வைக்க வேண்டாம்.

இந்த வழக்குகள் தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் மணி நேரத்தில் எழுதும் ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவு. பரபரப்பில் கூட வந்தவர் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லி, அதுவே பதிவாகியிருக்கும். பிறகு எத்தனை சாட்சி வந்தாலும் இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார். இன்றே நகல் கேளுங்கள். தவறாக இருந்தால் எஃப்ஐஆர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, சம்பவ இட வரைபடம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு வழக்கைத் தயார் செய்ய வேண்டும். லோடு ஏற்றிய டெலிவரி சலான், டிரிப் ஷீட், சம்பளம் வரும் வங்கிக் கணக்கு விவரம் இவையும் வேண்டும். சம்பளத்தில் ஏதாவது ரொக்கமாக வாங்கினீர்கள் என்றால் கம்பெனியிடம் சம்பளச் சான்றிதழ் இப்போதே வாங்கிவிடுங்கள், உறவு நன்றாக இருக்கும்போதே.

தீர்ப்பாயத்தில் மனுப் போட 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடு இருக்கிறது. உங்களுக்கு இரண்டு மாதம் கழிந்துவிட்டது. முதலாளி வழிக்கோ இரண்டு ஆண்டு அவகாசம். அதனால் முதலில் ஓடுகிற கடிகாரம் தீர்ப்பாயத்துடையது. விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் வசிக்கும் ஊரில் உள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். கால் ஊன்ற முடியாத இந்த நேரத்தில் அது பெரிய உதவி.

ஆஸ்பத்திரி வாசலில் வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்குபவர்களிடம் கவனமாக இருங்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேச வக்கீலுக்கு அனுமதியே இல்லை. கையில் காசு இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணுக்கு அழையுங்கள். நடக்க முடியாவிட்டால் வீட்டிலிருந்து யாரையாவது எஃப்ஐஆர் நகலோடு அனுப்பினாலும் விவரம் கேட்டு வரலாம்.