இலங்கை, இந்தியா, டுபாய், கனடா: மொபைல் சேவை எங்கே மலிவு, எங்கே தரம்?

ஒரு ஜிபி எந்த நாட்டில் என்ன விலை, எங்கே சேவை நல்லது, பாவித்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். நான்கு வருடம் டுபாயில் வேலை செய்தேன், இப்போது அத்தானின் புடவைக்கடைக்குச் சரக்கெடுக்க வருடத்தில் மூன்று நான்கு தடவை சென்னைக்குப் போய் வருகிறேன், அக்கா கனடாவில், மாமா சுவிஸில். எங்கள் அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது, அதற்குள் செத்துப்போன சிம்கள் மட்டும் பதினொன்று. அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

இந்த நான்கு நாடுகளுக்குள் ஜிபி விலையை மட்டும் பார்த்தால் இந்தியாதான் மலிவு, அதில் வாதமே இல்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நாடுகளை வரிசைப்படுத்துகிற அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஒவ்வொரு நாட்டிலும் எங்கள் பொக்கற்றில் கை வைக்கிற இடம் வேறு. ஓரிடத்தில் நாள்கணக்கில், ஓரிடத்தில் எந்த நேரம் பாவிக்கிறோம் என்பதில், இன்னோரிடத்தில் யாரோடு எப்படிக் கதைக்கிறோம் என்பதில். அந்த இடம் எது என்று தெரிந்தால் ஜிபி விலை தானாகப் புரியும்.

இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, கோல் எல்லாம் இலவசம், டேட்டாவுக்கு மட்டும் காசு என்றது, அதோடு அங்கே பழைய கணக்குகள் எல்லாம் தலைகீழாகின. அதற்கு முன்பு இருந்த ஏகப்பட்ட கம்பனிகளில் இன்று மிஞ்சியவை ஜியோ, எயார்டெல், ஒன்றாகச் சேர்ந்த வொடபோன் ஐடியா, பிறகு அரசின் பிஎஸ்என்எல். போட்டிக்கு ஆட்கள் குறைந்ததும் விலை ஏறத் தொடங்கியது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி வீதம் 28 நாளைக்கு வருகிற ஜியோ திட்டத்தை 2024 ஜூலையில் 239 ரூபாயிலிருந்து 299 ஆக்கினார்கள். அப்படியிருந்தும் எங்கள் காசுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான், அதற்கு 42 ஜிபி, கோல் வேறு எவ்வளவும் எடுக்கலாம். கொழும்பில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் வயிறு எரியும்.

அங்கே கை வைக்கிற இடம் அந்த 28 தான். மாதம் என்று நினைத்துக்கொண்டு போடுகிறோம், ஆனால் வருடத்துக்குப் பதின்மூன்று தடவை போட வேண்டும். ஆட்கள் முறைப்பாடு செய்து செய்து, 2022 இல் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையமான டிராய், முப்பது நாள் திட்டம் ஒன்றாவது எல்லோரும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. இன்றும் கடையில் போய்க் கேட்டால் முதலில் வாயில் வருவது 28 நாள் திட்டம்தான்.

எங்களைப் போல இலங்கை பாஸ்போட்டோடு போகிறவருக்கு இன்னொரு சிக்கல். தி.நகரில் சிம் எடுக்கப் போனேன். பாஸ்போட் கொப்பி, விசா கொப்பி, தங்கியிருக்கிற லொட்ஜின் முகவரி, கடைச் சுவரோடு நிற்க வைத்து ஒரு படம், அதன்பிறகு “உள்ளூர்ல யாராவது நம்பர் குடுங்க சார், ஓடிபி வரும்” என்றார்கள். நான்தான் உள்ளூர் நம்பர் இல்லாமல் வந்து நிற்கிறேன்! கடைசியில் புடவை மொத்த வியாபாரி ஒருவருடைய நம்பரைக் கொடுத்து, அவர் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆறு இலக்கத்தை வாசித்துச் சொல்லி, மாலைதான் சிம் உயிர் பெற்றது. அந்தச் சிம் இல்லாவிட்டால் விமான நிலைய வைபையும் இல்லை, சாப்பாடு வரவழைக்கிற செயலியும் இல்லை, எல்லாவற்றுக்கும் ஓடிபி. விசா முடிந்த திகதியோடு அதுவும் செத்தது. டின்னில் இருக்கிற பதினொன்றில் ஏழு சென்னைச் சிம்கள்.

சரி, எங்கள் நாட்டுக் கதைக்கு வருகிறேன். தெற்காசியாவிலேயே முதலாவது செல்லுலர் சேவை தொடங்கியது இலங்கையில்தான், 1989 இல் செல்டெல். 1993 இல் மொபிட்டல், 1995 இல் டயலொக், 2009 இல் எயார்டெல். ஒரு காலத்தில் ஐந்து கம்பனிகள் அடிபட்டுக்கொண்டு இருந்தன, சிம்மைச் சும்மா கொடுத்தார்கள், நடுச்சாமத்தில் இலவசமாகக் கதைக்க விட்டார்கள், காதலித்தவர்களுக்கு அது பொற்காலம். செல்டெல் டிகோவாகி, டிகோ எதிசலாத்தாகி, 2018 இல் ஹட்சோடு சேர்ந்தது. 2024 இல் எயார்டெல்லை டயலொக் எடுத்துக்கொண்டது. இப்போது மூன்றுதான்.

இங்கே டேட்டாவை வெட்டி வெட்டி விற்பார்கள். பகல் டேட்டா, இரவு டேட்டா, எந்நேரமும் டேட்டா, வட்ஸ்அப்புக்கு ஒன்று, யூடியூப்புக்கு ஒன்று, பேஸ்புக்குக்கு ஒன்று. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கிற ஜிபியில் பாதி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் வேலை செய்யும். இந்தியாவில் இப்படிச் செயலிக்கு ஒரு விலை வைத்து விற்க முடியாது, 2016 பெப்ரவரியிலேயே டிராய் அதைத் தடை செய்துவிட்டது, பேஸ்புக்கின் இலவச இணையத் திட்டம் அங்கே அடிபட்டுப்போனதும் அதனால்தான். இங்கே அந்தத் தடை இல்லாததால், வட்ஸ்அப் பேக்கேஜ் போட்டவர் அதில் வருகிற ஒரு செய்தி இணைப்பைத் தொட்டவுடன் மெயின் பலன்ஸ் வழிந்து ஓடிவிடும். என் சித்திக்கு இன்னும் இது புரியவில்லை, “நான் வட்ஸ்அப்தானே பார்த்தேன்” என்று என்னோடு சண்டை.

மருமகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) படித்த வருடம் எங்கள் வீட்டில் 12.05க்கு அலாரம் வைக்கப்பட்டிருந்தது. பௌதிகவியல் டியூஷன் வீடியோக்களை இரவு டேட்டாவில் இறக்குவதற்கு. எழுந்து, போனைக் கொண்டுபோய் பிரிட்ஜுக்கு மேலே, ஜன்னலோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி படுப்பான். ஏன் பிரிட்ஜ் என்றால் எங்கள் தொடர்மாடியில் சமையலறை ஜன்னலடியில் மட்டும்தான் நாலு கோடு நிற்கும். கடற்கரைப் பக்கம் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கட்டடம் எழும்ப எழும்ப, நடுவில் இருக்கிற எங்களுக்குச் சிக்னல் மெலிந்துகொண்டே போனது. இதைச் சொல்லக் கம்பனிக்கு எடுத்தால் போனை ஒருதரம் அணைத்துப் போடச் சொன்னார்கள். அதுவும் தமிழுக்கென்று உள்ள இலக்கத்தை அழுத்தினால் பதினைந்து நிமிடம் பாட்டுக் கேட்கலாம், சிங்களத்துக்கு அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் ஆள் வருவார். கொழும்பில் இருக்கிற தமிழர் எல்லோரும் எதை அழுத்துவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அம்மாவின் கதை வேறு. அவருக்குக் கடையில் நூறு ரூபாய் ரீலோட் போட்டால் நாலைந்து நாளில் காணாமல் போகும், ஒரு கோலும் எடுக்கமாட்டார். முதலில் மருமகன் மேல் சந்தேகம். பிறகு ஒருநாள் போனை வாங்கிப் பார்த்தேன், தினமும் காலையில் ராசிபலன் குறுஞ்செய்தி வருகிறது, அதற்கு நாளுக்குச் சில ரூபாய் வெட்டுகிறார்கள், என்றைக்கோ திரையில் வந்த ஏதோ ஒன்றுக்கு அம்மா ‘சரி’ அழுத்தியிருக்கிறார். அன்று வந்திருந்த பலன்: வீண் விரயம். நான் அதை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்து, “ஏன் தம்பி, இப்ப ஒண்டும் வருதில்லை?” என்று அம்மாவுக்குக் கவலை.

வரியையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து வட் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதம், இந்தியாவிலும் ஜிஎஸ்டி அதே 18 தான், ஆனால் இங்கே கோலுக்கு அதற்கு மேலே தொலைத்தொடர்பு வரி என்று தனியாக ஒன்று இருக்கிறது, 2022 இல் அதை 15 வீதமாக்கினார்கள். டேட்டாவுக்கு அந்த வரியை 2017 இலேயே எடுத்துவிட்டார்கள், அதனால் கோல் எடுப்பதைவிட வட்ஸ்அப்பில் கதைப்பது லாபம் என்று எல்லோரும் பழகிவிட்டோம். 2022 செப்டம்பரில் கட்டணமே 20 வீதம் ஏறியது. அந்த வருடத்தை யார் மறப்பது, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு, கோபுரத்து பற்றரி தீர்ந்ததும் சிக்னலும் போய்விடும், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. அதைச் சேவைக் குறைபாடு என்று எழுதினால் அநியாயம்.

நம்பரை மாற்றாமல் கம்பனியை மாற்றுகிற வசதி இந்தியா முழுக்க 2011 ஜனவரியில் வந்துவிட்டது. எங்களிடம் அதைப் பற்றிய பேச்சு வருடக்கணக்காக இருக்கிறது. கடையின் பெயர்ப்பலகையில், திருமண அட்டையில், வங்கியில் எல்லாம் போட்ட நம்பரை யார் விடுவார்? அதனால்தான் இங்கே கையில் இரண்டு சிம் போடுகிற போன். ஒன்று ஊரறிந்த நம்பர், மற்றது டேட்டாவுக்கு. என்னைக் கேட்டால் விலையைவிட இதுதான் எங்களுடைய பெரிய குறை, பிடிக்காவிட்டால் போய்விடுவேன் என்று சொல்ல முடியாத வாடிக்கையாளரை யார் மதிப்பார்கள்.

டுபாயில் சிக்னலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, லிப்டுக்குள், பாலைவனப் பாதையில், எங்கேயும் கிடைக்கும். இருந்தது எதிசலாத், டு என்று இரண்டே கம்பனிகள். ஆனால் வட்ஸ்அப்பில் செய்தி போகும், கோல் போகாது, அது அந்த நாட்டுச் சட்டம். ஊருக்குக் கதைக்க பொட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலி வேண்டும், 2018 இல் அதற்கென்று தனியாக மாதம் 50 திர்ஹாம். என்னோடு அறையில் இருந்த மட்டக்களப்பு அண்ணா ஒரு சாரதி, வெள்ளிக்கிழமைகளில் மகளின் முகம் பார்ப்பதற்காக அந்த ஐம்பதைக் கட்டினார். அட்டவணையில் இந்த ஐம்பது எந்தக் கட்டத்தில் வரும்?

கனடாவைப் பற்றி அக்கா சொல்வதை வைத்துத்தான் சொல்கிறேன். ரொஜர்ஸ், பெல், டெலஸ் என்று மூன்று பெரியவர்கள். பைடோ, கூடோ என்று கடையில் தெரிகிற மலிவுப் பெயர்கள் பலவும் அதே மூன்று வீட்டுப் பிள்ளைகள். அக்கா ஒவ்வொரு நவம்பரிலும், தள்ளுபடிக் காலத்தில், கம்பனிக்கு எடுத்து “நான் வெளியேறப் போகிறேன்” என்பார், உடனே வேறொரு பகுதிக்கு மாற்றி யாருக்கும் சொல்லாத ஒரு விலையைத் தருவார்கள். வெட்கப்படாமல் கேட்பவருக்கு ஒரு விலை, பேசாமல் கட்டுபவருக்கு ஒரு விலை. விலை அதிகமென்றாலும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், 2022 ஜூலை 8 ஆம் திகதி ரொஜர்ஸ் வலையமைப்பு விழுந்தபோது நாடு முழுக்கக் கடைகளில் வங்கி அட்டைகூட இழுபடவில்லை, பலரால் அவசர உதவிக்கான 911க்கு எடுக்க முடியவில்லை.

ஐரோப்பாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூனிலிருந்து நாடு மாறினாலும் வீட்டு விலைதான், ஆனால் சுவிஸ் அதில் சேராத நாடு. பாசலில் இருக்கிற மாமா ஜெர்மனிக்குச் சாமான் வாங்கப் போகும்போது எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிடுவார், மாமி வாசலில் வைத்தே ஞாபகப்படுத்துவார். பிரான்சில் நாலாவது கம்பனியாக 2012 இல் பிரீ வந்து இரண்டு யூரோவுக்குத் திட்டம் போட்டதும் மற்ற மூன்றும் இறங்கி வந்தன. லண்டனில் ஒப்பந்தத்துக்கு நடுவே விலையேற்றத்தைப் பணவீக்கத்தோடு முடிச்சுப் போடும் வழக்கத்தை 2025 ஜனவரியிலிருந்து புதிய ஒப்பந்தங்களில் நிறுத்திவிட்டார்கள், இப்போது எத்தனை பவுண் ஏறும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அங்கே எங்கள் ஆட்கள் பாவிக்கிற லைக்கா, லெபாரா சிம் கம்பனிகள் இரண்டையும் தொடங்கியதும் இலங்கைத் தமிழர்தான். சொந்தமாகக் கோபுரம் கிடையாது, பெரிய கம்பனிகளின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டு கோலை மலிவாக விற்று வளர்ந்தவர்கள்.

நீங்கள் கொழும்புக்கு வருவதென்றால், இணையத்தில் வருகிற கவரேஜ் வரைபடத்தைப் பார்த்து சிம் எடுக்க வேண்டாம். தங்கப்போகிற ஒழுங்கையின் முனையில் நிற்கிற ஓட்டோக்காரரிடம் எந்த சிம் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். பிக்மீ என்கிற வாடகை வாகனச் செயலியில் ஓடுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது, சிக்னல் இல்லாவிட்டால் அவருக்கு ஹயர் விழாது. நான் அப்படிக் கேட்டுத்தான் இரண்டாவது சிம்மை மாற்றினேன், இப்போது ஹோலிலும் இரண்டு கோடு வருகிறது.