அடைப்புக்குறிக்குள் எதுவும் போடவில்லையே, அந்த ஒன்று எங்கிருந்து வந்தது?

கேள்வி: கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் பி.காம் படிக்கிறேன். எங்கள் ஊர் பால் சொசைட்டிக் கணக்கைப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிப் பழகுகிறேன். ‘பால்புத்தகம்’ என்று ஒரு கிளாஸ் (எல்லோர் புத்தகத்துக்கும் பொதுவான அச்சு), அதற்குள் டெஃப் காட்டு() என்று ஒரு மெத்தட் (செய்ய வேண்டிய வேலை). ராமுவுக்கு ஒரு புத்தகம் உண்டாக்க ராமு = பால்புத்தகம்() என்று போட்டு, ராமு.காட்டு() என்று கூப்பிட்டால், ‘0 ஆர்கியுமென்ட்தான் வாங்கும், 1 கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்று எரர் வருகிறது. ஆர்கியுமென்ட் என்றால் அடைப்புக்குறிக்குள் கொடுப்பதுதானே? நான் எதுவுமே கொடுக்கவில்லை. நண்பன் பால்புத்தகம்.காட்டு() என்று அடித்தான், அவனுக்கு ஓடுகிறது. கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டால் வெர்ஷன் கோளாறு, 1,800 ரூபாய்க்குப் புது சாஃப்ட்வேர் போடலாம், அட்வான்ஸ் கோர்ஸிலும் சேர்ந்துவிடு என்கிறார்கள். சேரட்டுமா?

பதில்: பணம் கட்டாதீர்கள் தம்பி. டெஃப் காட்டு() என்பதை டெஃப் காட்டு(செல்ஃப்) என்று மாற்றுங்கள், ஓடிவிடும். (டெஃப் என்பதை def என்று ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். செல்ஃப் என்பதையும் self என்று அடிப்பதுதான் வழக்கம். மெத்தட் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.)

சொசைட்டிக் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பாலை அளந்து எழுதும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். அதுதான் மெத்தட், கிளாஸுக்குள் ஒரு தடவை எழுதினால் போதும். ஆனால் எழுதுகிறவர் கையில் யாருடைய புத்தகம் என்று தெரிய வேண்டாமா? ராமு.ஊற்று(6) என்றால், ராமுவின் புத்தகத்தைப் பைத்தானே முதலில் நீட்டிவிடும், அடுத்துதான் அந்த 6 லிட்டர். ஆக, போய்ச் சேருவது இரண்டு. அதனால் டெஃப் ஊற்று(செல்ஃப், லிட்டர்) என்று இரண்டுக்கும் இடம் விட வேண்டும். எரர் சொன்ன அந்த ‘1’ ராமுவின் புத்தகம்தான். நீங்கள் அதை வாங்க இடமே வைக்கவில்லை.

நண்பனுக்கு ஏன் ஓடியது? இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கிளாஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பைத்தான் யாருடைய புத்தகத்தையும் நீட்டாது. போனதும் பூஜ்யம், கேட்டதும் பூஜ்யம், ஓடிவிட்டது. ஆனால் யார் கணக்கிலும் ஒரு சொட்டுப் பால் ஏறாது. நீங்கள் செல்ஃப் சேர்த்த பிறகு அவன் அதே மாதிரி கூப்பிட்டுப் பார்க்கட்டும், ‘ஒரு ஆர்கியுமென்ட் குறைகிறது’ என்று திட்டும். அப்போது புத்தகத்தை அவனே கையில் கொடுக்க வேண்டும்: பால்புத்தகம்.காட்டு(ராமு). ராமு.காட்டு() செய்வதும் இதையேதான். இரண்டையும் அடித்துப் பாருங்கள், செல்ஃப் என்றால் என்ன என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

சென்டர் விஷயம். பைத்தான் இலவசம். அதன் சொந்த இணையதளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம், அதைப் போட்டுத் தரக் காசு கேட்பது ஏமாற்று. அவர்கள் கொடுக்கும் நோட்ஸை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பிரின்ட் (print) என்ற கட்டளைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுபோனது. அதை இன்னும் ஜெராக்ஸ் போட்டு விற்கிறார்கள். ‘வேலை நிச்சயம்’ என்று ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமாக இருந்தால் படியே ஏறாதீர்கள்.

எனக்குக் கோபம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. கேரளத்தில் பள்ளிக்கூடத்திலேயே பைத்தான் பாடம் உண்டு. என்னிடம் வருகிற பிள்ளைகள் ‘மெத்தட் என்றால் என்ன’ என்பதற்கு இரண்டு மார்க் பதிலைத் தூக்கத்திலும் ஒப்பிக்கிறார்கள். எரர் வரியைப் படிக்க மட்டும் ஒருவரும் சொல்லித்தரவில்லை. உங்கள் எரரில் விடை அப்படியே எழுதியிருந்தது, தம்பி! அதைப் படிக்கத் தெரியாததால்தான் 1,800 ரூபாய் கேட்க ஒருவருக்குத் துணிச்சல் வருகிறது.

அடுத்து நீங்கள் மாட்டப்போகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கூப்பிடும்போது அடைப்புக்குறியை விட்டு ராமு.காட்டு என்று மட்டும் எழுதினால் எரரே வராது, வேலையும் நடக்காது. அப்புறம், மெத்தட்டுக்குள் மொத்தம் என்று வெறுமனே எழுதாமல் செல்ஃப்.மொத்தம் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அது ராமுவின் புத்தகத்தில் பதியாது. சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்க, ராமு, செல்வி என்று இரண்டு புத்தகம் உண்டாக்கி, ராமுவுக்கு மட்டும் 6 லிட்டர் ஊற்றுங்கள். செல்வியின் மொத்தம் 0 என்று காட்ட வேண்டும்.