வாசகர் கேள்வி பதில்: இயற்பியல் படித்துவிட்டு மருத்துவ ஆய்வுக்கு

என் மகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இறுதியாண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை ஆய்வில் முனைவர் பட்டம் செய்யப் போகிறேன் என்கிறாள். டாக்டருக்குப் படிக்காமல் அது எப்படி? (ஈசூன் வாசகி)

தாராளமாக முடியும். கதிர்வீச்சு சிகிச்சையில் எவ்வளவு டோஸ் என்று எழுதித் தருவது டாக்டர். இயந்திரம் அதைச் சரியாகக் கொடுக்கிறதா என்று அளந்து பொறுப்பேற்பவர் மருத்துவ இயற்பியலாளர். அவருக்கு அடிப்படைப் படிப்பு இயற்பியல்தான்.

ஆனால் உங்கள் மகள் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: அவர் தேடுவது மருத்துவமனை வேலையா, ஆய்வா? மருத்துவமனை வேலைக்கு மருத்துவ இயற்பியல் முதுகலையும் பணியிடப் பயிற்சியும் முக்கியம். ஆய்வு என்றால், எந்த ஆற்றல் அளவில் வேலை செய்யப்போகிறார் என்பதிலேயே பாதை பிரிந்துவிடும். தேசியப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் அயனிக்கற்றை மையத்தில் சில மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்கள் கிடைக்கும். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் நீருக்குள் போகும் தூரம் சுமார் 75 மைக்ரோமீட்டர். ஒரு செல்லை ஊடுருவிப் படம் எடுக்க அது போதும், கட்டியைத் தொட முடியாது. கட்டிக்கு 70 முதல் 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அதாவது 4 முதல் 33 சென்டிமீட்டர் ஆழம். அந்த வகை இயந்திரம் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் கோ செங் லியாங் புரோட்டான் சிகிச்சை மையத்தில் 2023இல் இயங்கத் தொடங்கியது.

புரோட்டான் சிகிச்சையில் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. சிடி ஸ்கேன் படத்தின் சாம்பல் அளவை வைத்துத்தான் புரோட்டான் எங்கே நிற்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதில் 3 சதவீத அளவுக்குப் பிசகு வரலாம். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 4, 5 மில்லிமீட்டர். கட்டிக்குப் பின்னால் தண்டுவடம் இருந்தால் அந்த மில்லிமீட்டர்கள்தான் எல்லாமே. நல்ல ஆய்வுத் தலைப்புகள் இங்கே கொட்டிக்கிடக்கின்றன.

வழிகாட்டி இருவர் வேண்டும்: ஒருவர் இயற்பியல் துறையில், ஒருவர் மருத்துவமனையில். முதல் சந்திப்பிலேயே "கற்றை நேரம் (ஆய்வுக்கு இயந்திரத்தைப் பயன்படுத்தும் நேரம்) எப்போது கிடைக்கும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசி நோயாளி போன பிறகுதான் ஆய்வாளர் முறை, பெரும்பாலும் இரவு அல்லது வார இறுதி. பதில் மழுப்பலாக வந்தால் ஜியன்ட்4 போன்ற மென்பொருளில், துகள்களின் பயணத்தைக் கணினியில் போலச்செய்து பார்ப்பதிலேயே படிப்பு முழுதும் கழியும். அதில் தவறில்லை, தெரிந்தே போகவேண்டும், அவ்வளவுதான்.

முதுகலை ஆய்வுக்காக 6 மெகாவோல்ட் லினாக்கில் (கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம்) நீர்த்தொட்டி வைத்து டோஸ் அளக்கிறேன். காலையில் 2 சதவீதம் குறைவாக வருகிறது, மாலைக்குள் தானாகச் சரியாகிவிடுகிறது. இயந்திரக் கோளாறா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் தொட்டியில் எப்போது தண்ணீர் பிடித்தீர்கள், வெப்பமானி எங்கே இருந்தது என்று பாருங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி வாக்கில் வரும். லினாக் அறை 22 டிகிரி. நீருக்குள் இறக்கி டோஸ் அளக்கும் சிறு கருவிதான் அயனியாக்க அறை; அதற்குள் இருக்கும் காற்று வெளியோடு தொடர்புள்ளது. சூடேறினால் அடர்த்தி குறைந்து, சேரும் மின்னூட்டமும் குறையும். அதற்காகத்தான் (273.2 + T) / 293.2 என்ற திருத்தம்; T என்பது டிகிரி செல்சியஸில் வெப்பநிலை. நீங்கள் அறைக்காற்றின் 22ஐப் போட்டால் காரணி 1.007. நீரின் 28ஐப் போட்டால் 1.027. நீங்கள் தேடும் 2 சதவீதம் இதுதான். சாயங்காலம் தண்ணீர் ஆறிவிடுவதால் பிசகு மறைந்துவிடுகிறது.

முந்தின இரவே தொட்டியை நிரப்பி மூடிவையுங்கள். வெப்பமானி தண்ணீருக்குள், அயனியாக்க அறையின் அருகிலேயே இருக்கட்டும். அயனியாக்க அறையை இறக்கியதும் அளக்காமல் சில நிமிடம் விடுங்கள். மூடாமல் விட்ட தொட்டியில் ஆவியாகி மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினாலும் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அளவு சுமார் அரை சதவீதம் கூடும். ஆகவே ஒவ்வொரு தொடருக்கும் முன் மட்டத்தைப் பாருங்கள். காற்றழுத்தத்தை வானிலைச் செயலியிலிருந்து எடுக்காதீர்கள், அது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். லினாக் இருக்கும் அறையிலேயே உள்ள அழுத்தமானிதான் சரி.

இயற்பியல் பட்டதாரி டாக்டராகவும் ஆய்வாளராகவும் ஆக இங்கே வழி உண்டா? (பொங்கோல் வாசகர்)

உண்டு. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி வேறு பட்டம் முடித்தவர்களையும் எடுக்கிறது. எம்டி (அங்கே தரும் மருத்துவர் பட்டம்) படிப்பு 4 ஆண்டு. எம்டி-பிஎச்டி சேர்த்தும் செய்யலாம், ஆண்டுகள் அதற்கேற்பக் கூடும். நோயாளியை நேரில் பார்க்கும் ஆசை இல்லாதவர் இதில் இறங்க வேண்டாம்.

மருத்துவமனை எம்ஆர்ஐ படங்களை வைத்து ஆய்வு செய்ய வழிகாட்டி ஒப்புக்கொண்டுவிட்டார். உடனே தொடங்கலாமா? (செங்காங் வாசகி)

கூடாது. வழிகாட்டியின் சம்மதம் வேறு, நெறிமுறைக் குழுவின் அனுமதி வேறு. அது கையில் வரும்வரை ஒரு படத்தைக்கூட நகல் எடுக்காதீர்கள். திருத்தச் சொல்லி விண்ணப்பம் திரும்பி வருவது சகஜம். ஆகவே படிப்பின் முதல் பருவத்திலேயே அனுப்பிவிடுங்கள். காத்திருக்கும் நாட்களில் பொதுவில் கிடைக்கும் படத்தொகுப்புகளில் நிரலைச் சோதிக்கலாம்.

அனுமதி வந்த பின்னும் கவனம் தேவை. பெயரை நீக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் கோப்பின் தலைப்பகுதியில் பிறந்த தேதி, அடையாள அட்டை எண், பரிசோதனை எண் என்று எத்தனையோ ஒளிந்திருக்கும். ஸ்கேன் இயந்திரத் தயாரிப்பாளர் தனியே சேர்த்த தகவல் புலங்களை வழக்கமான நீக்க நிரல்கள் சில நேரம் தொடுவதே இல்லை. தலை எம்ஆர்ஐ என்றால் முப்பரிமாணமாக்கிப் பாருங்கள், நோயாளியின் முகமே தெரியும். ஆகவே முகப்பகுதியை அழித்த பிறகே மடிக்கணினிக்கு. நோயாளி எண்ணையும் ஆய்வு எண்ணையும் இணைக்கும் பட்டியல் மருத்துவமனைக் கணினியிலேயே இருக்கட்டும்.