கணவரின் கொந்தளிப்பு: குணமா, கோளாறா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் "நீ இல்லாமல் நான் இல்லை" என்று உருகும் என் கணவர், அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் அவருடைய அழைப்பை நான் எடுக்கத் தவறிவிட்டால், மாலையில் "நீ என்றைக்குமே என்னை நேசித்ததில்லை" என்று கொதிக்கிறார். கத்துவார், கையில் கிடைத்ததை வீசுவார், பிறகு அழுது மன்னிப்புக் கேட்பார். ஆளுமைக் கோளாறு பற்றி இணையத்தில் படித்த அறிகுறிகள் எல்லாமே அவருக்குப் பொருந்துகின்றன. எப்படி உறுதி செய்துகொள்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அறிகுறிப் பட்டியலை யாரோடு ஒப்பிட்டாலும் நாலைந்து பொருந்தத்தான் செய்யும், சண்டை போட்ட இரவில் ஒப்பிட்டால் அத்தனையும் பொருந்தும். அவரை நேரில் பார்க்காமல் நானும் பெயர் சூட்ட முடியாது என்பதால், மருத்துவர்கள் எதைக் கவனிப்பார்கள் என்பதைச் சொல்கிறேன்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய்க் கையேடு, ஆளுமைக் கோளாறுகளை, அதாவது எண்ணமும் உணர்வும் பிறரோடு பழகும் விதமும் இறுகிப்போய் வாழ்க்கையைக் குலைக்கும் போக்குகளை, 10 வகைகளாகப் பிரிக்கிறது. எந்த வகையானாலும், அந்தப் போக்கு வளரிளம் பருவத்திலோ இளமையின் தொடக்கத்திலோ தலைகாட்டி, ஆண்டுக்கணக்கில் நீடித்து, வாழ்க்கையின் பல தளங்களிலும் தெரிய வேண்டும். ஆகவே, திருமணத்துக்கு முன்பு அவர் எப்படி இருந்தார், பழைய நண்பர்களோடு உறவு எப்படி முறிந்தது, வேலையிடத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்று விசாரியுங்கள். அண்மையில்தான் இப்படி மாறினார் என்றால் மனச்சோர்வு, குடி, தைராய்டுக் கோளாறு போன்றவற்றை முதலில் சோதிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் விவரிப்பது 'பார்டர்லைன்' எனப்படும் எல்லைநிலை ஆளுமைக் கோளாற்றின் சில கூறுகளை நினைவூட்டுகிறது. அதற்குரிய 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருந்தால்தான் மருத்துவர் அதை உறுதிசெய்வார். எடுக்காத அழைப்புக்காக யாரும் கோபிக்கலாம். காரணம் தெரிந்ததும் பெரும்பாலோர் தணிந்துவிடுவார்கள். இக்கோளாறு உள்ளவருக்கோ அந்த மௌனமே கைவிடப்பட்டதற்குச் சமம் என்பதால், கூட்டத்தில் இருந்தேன் என்ற விளக்கம் காதில் ஏறாது, அதுவரை நீங்கள் காட்டிய அன்பு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில் இல்லாததாகிவிடும். இதைப் பைபோலார் என்று, அதாவது அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய் என்று, குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அதில் மனநிலை மாற்றம் பெரும்பாலும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும், இதில் சில மணி நேரங்களில் ஏறி இறங்கும்.

கையில் கிடைத்ததை வீசுவார் என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். கோளாறு இருக்கிறதா இல்லையா என்பது முடிவாகும்வரை உங்கள் பாதுகாப்பு காத்திருக்க வேண்டியதில்லை. கோளாறு இருப்பதாலேயே வன்முறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. நம்பகமான ஒருவரிடம் உண்மை நிலையைச் சொல்லி, அவசரத்துக்கு எங்கே போவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். பிரிவைப் பற்றிப் பேசும்போது உயிரை விடுவேன் என்று அவர் சொன்னால், மிரட்டல் என்று ஒதுக்காமல் அவருடைய குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் உடனே தெரிவியுங்கள். அந்தச் சுமையைத் தனியாகத் தாங்காதீர்கள்.

சிகிச்சை உண்டு. மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் 'டி.பி.டி.' பேச்சுச் சிகிச்சையால் பலர் தேறியிருக்கிறார்கள், மருந்துகள் துணைக்குத்தான். ஆனால் சண்டையின் நடுவே "உனக்கு மனநோய்" என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அமைதியான ஒரு நாளில், கத்திய பிறகு அவர் படும் வேதனையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். வீட்டில் அச்சம் இருக்கும்வரை இருவரும் சேர்ந்து ஆலோசனைக்குச் செல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது ஓர் உளவியலாளரைப் பாருங்கள். போகும்போது, அண்மைச் சம்பவங்கள் எதனால் தொடங்கின, எவ்வளவு நேரம் நீடித்தன, எப்படி முடிந்தன என்பதை, அவர் கண்ணில் படாத இடத்தில் குறித்துவைத்து எடுத்துச் செல்லுங்கள்.