பட்டியோவில் சிகரெட்: அந்த 9 மீற்றர் எங்கிருந்து தொடங்குகிறது?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். திருச்சியிலிருந்து படிக்க வந்து மூன்று மாதம். கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோ பகுதியில் ஒரு பிளாசாவில் (முன்னால் கார் தரிப்பிடம் உள்ள கடைத்தொகுதி) இருக்கும் உணவகத்தில் மாலை வேலை. கோடை வந்ததும் கடைக்கு வெளியே மேசை போட்டிருக்கிறார்கள். வழக்கமாக வருகிற சிலர் சாப்பிட்டு முடித்ததும் இருந்த இடத்திலேயே சிகரெட் பற்றவைக்கிறார்கள். முதலாளி, "தெரிஞ்ச ஆட்கள்தான், பேசாமல் சாம்பலுக்கு ஒரு சோசரை வை" என்கிறார். நீங்களும் புகைப்பவர், இடைவேளையில் எங்கே நிற்பது, வேப் (மின்சிகரெட்) என்றால் பரவாயில்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் சோசரை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் புகைக்கத் தடையுள்ள இடத்தில் சாம்பல் கிண்ணமோ அதைப் போலப் பயன்படும் எதுவுமோ இருக்கக் கூடாது என்பது கடைக்காரருக்குச் சட்டம் வைத்திருக்கும் தனிக் கடமை. அந்த நேரத்தில் யாருமே புகைக்காவிட்டாலும், அதிகாரி வந்து பார்க்கும்போது சாம்பலோடு ஒரு சோசர் மேசையில் இருந்தால் அதுவே குற்றமாக எழுதப் போதும்.

இங்கே பட்டியோ என்று சொல்வது வெளியில் மேசை போட்டுச் சாப்பாடோ குடிவகையோ கொடுக்கும் இடம். மேலே கூரை இருக்கிறதா, சுற்றி வேலி இருக்கிறதா என்பது இன்றைய சட்டத்துக்குப் பொருட்டே இல்லை. பொதுமக்கள் வந்து இருக்கலாம், அல்லது ஊழியர்கள் நடமாடுகிறார்கள், அங்கே சாப்பாடு பரிமாறப்படுகிறது அல்லது சாப்பாடு விற்கும் இடத்தோடு சேர்ந்து அது இயங்குகிறது என்றால் அது பட்டியோதான். கொத்துரொட்டியைப் பொதியில் வாங்கி வந்து சாப்பிட, கடை வாசலில் போட்டிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் மேசைகளும் இதற்குள் வரும். "எங்களிடம் பரிமாறுகிற ஆள் இல்லை, அதனால் இது பட்டியோ இல்லை" என்ற வாதம் நிற்காது.

இந்த விஷயத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சட்டம் மூன்று படியாக இறுகியது. 2006 மே 31 முதல் கட்டடங்களுக்குள்ளும் கூரை உள்ள பட்டியோக்களிலும் தடை வந்தது. திறந்தவெளிப் பட்டியோவில் பிடிக்கலாம் என்றிருந்தது. 2015 ஜனவரி 1 அன்று திறந்தவெளிப் பட்டியோக்களும் அடைபட்டன. 2018 அக்டோபர் 17 அன்று, கஞ்சா சட்டபூர்வமான அதே நாளில், புதிய புகையற்ற ஒன்ராறியோச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேப்பையும் கஞ்சாவையும் சிகரெட்டோடு ஒரே கயிற்றில் கட்டியதும், பட்டியோவைச் சுற்றி 9 மீற்றர் வரை தடையை நீட்டியதும் அதுதான். "கூரை இல்லாவிட்டால் பிடிக்கலாம்" என்பவர் 2014-இல் நிற்கிறார். "வேலிக்கு வெளியே வந்து நின்றால் போதும்" என்பவர் 2018-க்கு முன்பு நிற்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் தெரிந்துகொண்ட காலத்தில் அது சரிதான்.

ஒரு விலக்கு உண்டு. ரோயல் கனேடியன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் மன்றங்களில், 2013 நவம்பர் 18-க்கு முன்பே இருந்த கூரையில்லாப் பட்டியோக்களுக்கு அனுமதி இருக்கிறது. அங்கே யாராவது புகைப்பதைப் பார்த்துவிட்டு எல்லா இடத்துக்கும் பொருத்திவிடாதீர்கள். ஊரில் 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள உணவகம் புகைக்கத் தனி அறை வைத்துக்கொள்ளலாம் என்று இந்தியச் சட்டம் விட்டிருப்பதால், "ஒரு மூலையை ஒதுக்கிவிட்டால் என்ன?" என்ற எண்ணம் நம்மவருக்கு வருவது இயல்பு. இங்கே உணவகத்துக்கு அப்படி ஒதுக்கும் அதிகாரம் கிடையாது.

இனி அந்த 9 மீற்றர். அதைக் கடைக் கதவிலிருந்து மட்டும் அளந்தால் தவறாகிவிடும். பட்டியோவின் வெளி ஓரத்தில் எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் 9 மீற்றருக்குள் வருகிற பொது இடம் எல்லாம் தடைக்குள்தான். கடைசி மேசை வரிசை எங்கே முடிகிறதோ, அல்லது சங்கிலியோ பூந்தொட்டியோ வைத்து எல்லை போட்டிருந்தால் அது எங்கே இருக்கிறதோ, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். சாதாரண நடையில் ஓர் எட்டு ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர். 12 எட்டு வைத்தால் 9 மீற்றர். பிளாசாவில் இதைவிட எளிதான அளவுகோல் தரையிலேயே வரைந்திருக்கிறது. ரொறன்ரோ விதிப்படி ஒரு கார் தரிப்பிடத்தின் அகலம் குறைந்தது 2.6 மீற்றர். பட்டியோ ஓரத்திலிருந்து பக்கவாட்டில் நான்கு வெள்ளைக் கோட்டுப் பெட்டிகளை முழுதாகத் தாண்டினால் 10 மீற்றருக்கு மேல் ஆகிவிடும். நேர் எதிரே போனால் ஒரு தரிப்பிடத்தின் நீளம் 5.6 மீற்றர், அது போதாது. அதற்கு அப்பால் கார்கள் ஓடும் பாதையையும் கடக்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. மக்கள் பயன்படுத்தும் எந்தக் கட்டடத்தின் வாசலிலிருந்தும் 9 மீற்றருக்குள் புகைக்கக் கூடாது என்பது ரொறன்ரோ மாநகரத்தின் தனி விதி. பிளாசாவில் ஒரு கடைக் கதவுக்கும் அடுத்த கடைக் கதவுக்கும் இடையே பெரும்பாலும் ஆறு ஏழு மீற்றர்தான் இருக்கும். ஆக உங்கள் பட்டியோவை விட்டு விலகினாலும் நகைக்கடை வாசல், அதை விட்டால் மளிகைக்கடை வாசல் என்று அந்த முன்புற நடைபாதை முழுவதும் தடைக்குள் போய்விடுகிறது. நடைபாதையில் நின்று பிடிக்க இடம் தேடாதீர்கள், அது இல்லை. கார் தரிப்பிடத்தின் தெருப் பக்க ஓரத்துக்குப் போய்விடுங்கள். பின்கதவையும் கதவாகவே எண்ணி 12 எட்டுத் தள்ளி நில்லுங்கள். குப்பைத் தொட்டிக்கு அருகில் கதவில் சாய்ந்து நின்று பிடிப்பதுதான் சமையலறை ஆட்கள் அதிகம் செய்யும் தவறு. அந்தப் புகை கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே இழுக்கப்படுவதும் ஒரு காரணம்: சமையலறைப் புகைபோக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், அதை ஈடுகட்ட வெளிக்காற்று கதவு வழியாகத்தான் உள்ளே பாய்கிறது.

நகரின் நடுப்பகுதியில் இன்னொரு சிக்கல் வரும். கஃபே-ரி-ஓ என்ற மாநகரத் திட்டத்தில் கோடைக்கு மட்டும் வீதியோரத் தடத்தில் பட்டியோ போடுகிறார்கள். பனிக்காலம் முழுதும் நின்று பிடித்த இடம் மே மாதத்தில் பட்டியோ முளைத்ததும் தடைக்குள் வந்துவிடும். இடத்தை நினைவில் வைத்துப் போகாமல், அன்றன்று கண்ணால் பார்த்து முடிவெடுங்கள்.

வேப் பற்றிக் கேட்டீர்கள். சிகரெட்டுக்கு எங்கே தடையோ அங்கெல்லாம் வேப்புக்கும் தடை. நிக்கொற்றின் இல்லாத திரவம் என்றாலும் அதேதான். இன்னொன்றைக் கவனியுங்கள்: வாயில் வைத்து இழுத்தால்தான் குற்றம் என்று இல்லை. பற்றவைத்த சிகரெட்டைக் கையில் பிடித்திருப்பதே சட்டத்தில் புகைப்பதற்குச் சமம். இயங்கிக்கொண்டிருக்கும் வேப்பைப் பிடித்திருப்பதும் அப்படியே. கையை வேலிக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு மேசையில் இருப்பவர் தப்பித்துக்கொண்டதாக நினைப்பார். அவருடைய கையும் 9 மீற்றருக்குள்தான் இருக்கிறது. ஹூக்காவைப் பொறுத்தவரை, 2016 ஏப்ரல் 1 முதல் ரொறன்ரோவில் மாநகர உரிமம் பெற்ற கடைகளில் அதற்குத் தடை. "புகையிலை இல்லாத மூலிகை" என்று பெயர் போட்டாலும் மாற்றம் இல்லை.

இனி அந்த வழக்கமான ஆட்களிடம் எப்படிச் சொல்வது. பற்றவைத்த பிறகு போனால் பேச்சு கடினம். பெட்டியை எடுத்து மேசையில் வைக்கும்போதே போய்விடுங்கள். "அண்ணை, இங்கே பிடிக்கேலாது, கடைக்குத்தான் ஃபைன் வரும். அந்தத் தெருவோரத்தில நிண்டு பிடிச்சிட்டு வாங்கோ, மேசையை அப்படியே வைச்சிருக்கிறன்" என்று இடத்தையும் கையால் காட்டிச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் எழும்பிவிடுவார்கள். "கூடாது" என்பதோடு நிறுத்தினால்தான் முறுகல் வரும். எழும்பும்போது பியர் கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள். மது உரிமம் பட்டியோ எல்லையோடு முடிகிறது. கிளாஸ் அதைத் தாண்டினால் கடைக்கு அது வேறொரு பிரச்சினை. புகைக்கப் போகிறேன் என்று பணம் கொடுக்காமல் போய்விடுவாரோ என்ற பயம் இருந்தால், ஆளை நிறுத்தாமல் பில்லை மேசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்படி ஒருவர் போய்விட்டாலும் அந்தத் தொகையை உங்கள் சம்பளத்தில் கழிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. 2024-இல் இதைச் சட்டத்தில் இன்னும் தெளிவாகவே எழுதிவிட்டார்கள்.

சொல்லியும் கேட்காதவரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். மேலாளரிடம் சொல்லுங்கள். மறுப்பவரை அங்கே தொடர்ந்து இருக்க விடாமல் பார்ப்பது கடைக்காரரின் கடமை; பரிமாறுவதை நிறுத்திப் போகச் சொல்ல வேண்டும். சிகரெட்டைப் பறிப்பது, தோளைத் தொடுவது எதுவும் வேண்டாம். மிரட்டல் வந்தால் அவசர எண் 911-க்கு அழையுங்கள். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: சட்டத்தில் "உரிமையாளர்" என்றால் கடையின் சொந்தக்காரர் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறவரும் அதில் அடங்குவார். முதலாளி போய்விட்டு இரவு கடையைப் பூட்டும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருந்தால், "நான் வேலைக்காரன்தான்" என்ற பதில் அன்றைக்குப் போதாது.

முதலாளியிடம் பேசும்போது அவருக்குத் தெரிந்த கணக்கிலேயே பேசுங்கள். புகைத்தவருக்கு எழுதும் ரிக்கற் (அபராதச் சீட்டு) 305 டொலர்: அபராதம் 250, செலவு 5, பாதிக்கப்பட்டோர் நிதிக்கு 50. ஊரில் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை என்று பழகியவருக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் தனியாளுக்கு முதல் தடவை 1,000 டொலர் வரை, அடுத்த தடவை 5,000 வரை போகலாம். புகைக்கத் தடை, வேப் தடை என்ற இரண்டும் சேர்ந்த அறிவிப்பை வாசல்களிலும் பட்டியோவிலும் தெரியும்படி ஒட்டியிருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பிரிவில் கேட்டால் தருவார்கள். சட்டத்தைக் கடைப்பிடித்ததற்காகவோ கடைப்பிடிக்கச் சொன்னதற்காகவோ உங்களை வேலையை விட்டு நிறுத்துவதும், தண்டிப்பதும், மிரட்டுவதும் இதே சட்டத்தில் தடுக்கப்பட்டிருக்கிறது. மீறினால் ஒன்ராறியோ தொழில் உறவுகள் சபையில் முறையிடலாம். அந்தப் பட்டியோவில் வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் இருக்கிறார். நீங்கள் ஆறு மணி நேரம் அதே காற்றில் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறீர்கள். இந்தச் சட்டம் யாருக்காக என்றால், முதலில் உங்களுக்காக.

உங்கள் இடைவேளை: தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் 30 நிமிடம் சாப்பாட்டு இடைவேளை தர வேண்டும் என்பதுதான் சட்டம், சிகரெட்டுக்கென்று தனி இடைவேளை எதுவும் இல்லை. கடையின் டெலிவரிக் காருக்குள் தனியாக இருந்தாலும் பிடிக்கக் கூடாது, அது மூடிய வேலைத்தலம். சொந்தக் காரில் 16 வயதுக்குக் குறைந்தவர் இருந்தால் சிகரெட்டும் வேப்பும் தடை. கஞ்சா என்றால் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை. சிகரெட் கட்டையைப் பூந்தொட்டியில் குத்தி அணைக்காதீர்கள். இங்கே தொட்டிகளில் போடுவது வெறும் மண் இல்லை, காய்ந்த பீற் பாசி கலந்த கலவை. வெளியே புகைகூடத் தெரியாமல் மணிக்கணக்காக உள்ளே கனன்று, கடை பூட்டிய பிறகு தீப்பிடிக்கும். தண்ணீர் அல்லது மணல் போட்ட ஒரு மூடித் தகரத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

உங்களுக்கே ரிக்கற் கிடைத்துவிட்டால் பதறாதீர்கள். இது மாகாணக் குற்றம். குற்றவியல் பதிவில் ஏறாது. ஆனால் 15 நாளுக்குள் மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும்: பணத்தைக் கட்டுவது, அரச வழக்குரைஞரைச் சந்தித்துப் பேசக் கேட்பது, விசாரணை கேட்பது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அதிலேயே குறித்துக் கேட்கலாம். மேசை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடுவதுதான் கெடுதி. நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகி, கட்டாத தொகை கடன் வசூலிப்பவர்களிடம் போய்விடும்.

மொன்றியல் பக்கம் போனால், கியூபெக்கிலும் 2016 மே 26 முதல் பட்டியோவில் தடை. அங்கே 9 மீற்றரைக் கதவிலிருந்து மட்டுமல்ல, திறக்கக்கூடிய யன்னலிலிருந்தும் அளக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாண அளவு 6 மீற்றர்.

முதலாளி எதற்கும் மசியாவிட்டால் மாநகரச் சேவை எண்ணான 311-க்கு அழைத்துத் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கடையின் பெயர், முகவரி, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு நடக்கிறது, மேசையில் சாம்பல் கிண்ணம் வைக்கிறார்களா, அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா என்பவற்றை முன்பே எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். "அடிக்கடி பிடிக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னால் அதிகாரி செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து வெறும் மேசைகளைப் பார்த்துவிட்டுப் போவார். "வெள்ளி இரவு எட்டரைக்குப் பிறகு" என்று சொன்னால் அந்த நேரத்துக்கு வருவார்.