தொப்புளில் சின்ன வீக்கம், பித்தப்பையில் கல்: உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

கேட்டிருப்பவருக்குத் தொப்புளை ஒட்டி ஒரு சின்ன வீக்கம். நின்றால் தெரிகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது, வலி இல்லை. அதற்காக ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் பித்தப்பையில் கல் இருப்பதும் தெரிய வந்திருக்கிறது. இரண்டுமே சின்னதுதானே, விட்டுவிடலாமா, மாத்திரையில் சரியாகாதா, பித்தப்பையை எடுத்துவிட்டால் காலம் முழுக்கப் பத்தியச் சாப்பாடுதானா என்று கேட்கிறார்.

நான் அறுவை சிகிச்சை வார்டில் 11 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். என் பித்தப்பையை எடுத்தும் ஆறு வருடம் ஆகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன், கட்டிலில் படுத்தும் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் சர்ஜனிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் அந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

முதலில் அந்த ‘சின்னதுதானே’வைப் பற்றி. வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரிப்போர்ட்டை நீட்டி, “சிஸ்டர், எத்தனை எம்.எம். போட்டிருக்கு பாருங்க, சின்னதுதானே?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். இந்த இரண்டு நோயிலுமே சின்னது என்பதால் பயமில்லை என்று சொல்ல முடியாது. ஹெர்னியாவில் (உங்களுக்குத் தொப்புளில் இருப்பது போல, வயிற்றுச் சுவரின் ஓட்டை வழியாகப் பிதுங்கும் வீக்கம்) ஓட்டை குறுகலாக இருந்தால்தான் உள்ளே போன குடல் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. பித்தப்பையில் பெரிய கல் பெரும்பாலும் இடத்தைவிட்டு நகராமல் கிடக்கும், மணல் மாதிரிப் பொடிக் கல்தான் வழுக்கிப் பித்தக்குழாயில் இறங்கி மஞ்சள் காமாலையையோ கணைய அழற்சியையோ கொண்டுவரும். ஆகவே அளவை ஒரு பக்கம் வையுங்கள். அது என்ன தொல்லை தருகிறது, எப்போது தருகிறது என்பதைக் கவனியுங்கள்.

சரி, ஹெர்னியா. வயிற்றுச் சுவரில் தசைக்கு மேல் கெட்டியான ஓர் உறை இருக்கிறது. அதில் எங்காவது இடைவெளி விழுந்தால் உள்ளேயிருக்கும் கொழுப்போ குடலோ பிதுங்கிக்கொண்டு வரும், அதுதான் குடலிறக்கம் என்று சொல்வது. தொப்புள்கொடி நுழைந்த இடம் இயற்கையிலேயே பலவீனமானது. ஆண்களுக்கு விதைப்பைக்குப் போகும் குழாயும் ரத்த நாளங்களும் இறங்குகிற தொடை இடுக்கும் அப்படித்தான். பழைய ஆபரேஷன் தழும்பு இன்னொரு பலவீனமான இடம். பெரியவர்களுக்கு இந்த ஓட்டை மாத்திரையிலோ தைலத்திலோ உடற்பயிற்சியிலோ மூடாது. கைக்குழந்தைகளுக்கு வரும் தொப்புள் ஹெர்னியா மட்டும் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும், அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் நமக்கும் மூடிவிடும் என்று காத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கே தொடை இடுக்கில் வந்தால் அது தானாகச் சரியாகாது, ஆபரேஷன்தான். பெல்ட் கட்டினால் நடக்கும்போது கொஞ்சம் சுகமாக இருக்கலாம், ஆனால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

அப்படியானால் இன்றைக்கே ஆபரேஷனா? தேவையில்லை. தொடை இடுக்கு ஹெர்னியா இருந்து அதிகம் தொல்லை இல்லாத ஆண்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2006இல் வெளிவந்தது. ஆபரேஷன் செய்யாமல் கண்காணிப்பில் இருந்தவர்களில் குடல் இறுகி அவசரமாகப் போனவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவில்தான். ஆனால் இரண்டே வருடத்தில் அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் வலி தாங்காமல் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார், பத்து வருடத்தில் மூன்றில் இரண்டு பேருக்கு ஆகிவிட்டது. தள்ளிப்போடலாம், ஆனால் பெரும்பாலோருக்கு அது தள்ளிப்போடுவது மட்டும்தான். அப்புறம், இந்தக் கணக்கு ஆண்களுடைய தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கானது. பெண்களுக்கு அந்த இடத்தில் வீக்கம் வந்தால் அது தொடைக் குழாய் வழியாக வருகிற வகையாக இருக்க வாய்ப்பு உண்டு, அந்த வகை சீக்கிரம் இறுகிக்கொள்ளும், அதைத் தள்ளிப்போடவே கூடாது. பெண்கள் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் சொல்லாமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வழக்கமாக உள்ளே போகிற வீக்கம் போகாமல் கெட்டியாகி, தொட்டாலே வலித்து, மேல் தோல் சிவந்தோ கறுத்தோ போய், வாந்தி வந்து, வாயு பிரியாமல், மலம் கழியாமல் இருந்தால் விடியட்டும் என்று உட்காராதீர்கள். அந்தக் குடலுக்கு ரத்தம் போகவில்லை, கையில் இருப்பது சில மணி நேரம்தான். எங்கள் வார்டுக்கு வந்த ஓர் அம்மா ராத்திரி முழுக்க ஒத்தடம் கொடுத்து, அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளப் பார்த்துவிட்டுக் காலையில் வந்தார். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் மூன்று வாரம் எங்களோடு இருந்தார். பலமாக அழுத்தித் தள்ளுவதும் தப்பு, எதுவும் சாப்பிடாமல் கிளம்பிவிடுங்கள்.

மெஷ், அதாவது வலை வைப்பதைப் பற்றி எல்லோருக்கும் பயம். பெரும்பாலும் அது பாலிபுரொப்பிலீன், தையல் போடவும் பயன்படுகிற பொருள்தான், பல பத்தாண்டுகளாக ஹெர்னியாவுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொப்புள் ஹெர்னியாவில் 1 முதல் 4 செ.மீ. வரை ஓட்டை இருந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. வெறும் தையல் போட்டவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, வலை வைத்தவர்களில் 4 சதவீதம்தான். ஒரு செ.மீ.க்கும் குறைவான ஓட்டைக்குத் தையலே போதும் என்று பல சர்ஜன்கள் சொல்வார்கள். அதற்காக வலையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடை இடுக்கில் ஆபரேஷன் ஆனவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, வலை வைத்தாலும் வைக்காவிட்டாலும், மூன்று மாதம் தாண்டியும் ஏதோ ஒரு வலி இருக்கிறது, அவர்களில் சிலருக்கு அன்றாட வேலையே கெடுகிற அளவுக்கு. இதை முன்கூட்டியே சர்ஜனிடம் கேளுங்கள், கேட்டால் கோபப்பட மாட்டார்.

இனி பித்தப்பை, இது என் சொந்தக் கதையும்கூட. எனக்கு ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நெஞ்சுக்குழியில் ஒரு வலி பிடிக்கும், வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய் இழுக்கும், உட்கார்ந்தாலும் படுத்தாலும் குறையாது, ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ கழித்துத் தானாக விட்டுவிடும். எட்டு மாதம் அதை வாயு என்று நினைத்து மாத்திரை போட்டேன். வேறு யாராவது இதே வலியைச் சொல்லியிருந்தால் முதல் நாளே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். ஒரு நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, குளிர் ஜுரம் வந்தது, கல் பித்தக்குழாயில் இறங்கிவிட்டது. முதலில் வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு அந்தக் கல்லை எடுத்தார்கள், அதன்பின்தான் பித்தப்பையை எடுக்க முடிந்தது. ஒரு ஆபரேஷனோடு முடிந்திருக்க வேண்டியது இரண்டு சிகிச்சையாகி ஒரு மாத விடுப்பில் போய் முடிந்தது.

ஆனால் கல் இருப்பவர்கள் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு அது கடைசி வரை ஒன்றும் செய்யாது. வலியே வந்ததில்லை என்றால் அப்படியே விட்டுவிடச் சொல்வதுதான் வழக்கம். சில விதிவிலக்குகள் உண்டு: 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், பையின் உள்சுவரில் 1 செ.மீ.க்கு மேல் வளர்ந்த சதைக்கட்டி (பாலிப்), பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது. இங்கே மட்டும் அளவு முக்கியம், ஏனென்றால் இவற்றில் புற்றுநோய் பயம் கொஞ்சம் கூடுதல். ஒரு தடவை அந்த வலி வந்துவிட்டது என்றால் கதை மாறிவிடும், திரும்ப வர நிறைய வாய்ப்பு இருக்கிறது, அப்போது எடுத்துவிடுவதுதான் நல்லது.

மாத்திரையில் கரையாதா? உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. சின்னக் கொழுப்புக் கற்களை மட்டும், அதுவும் மாதக்கணக்கில் சாப்பிட்டால், கொஞ்சம் பேருக்குக் கரைக்கும். நிறுத்தினால் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிடும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கல் வெளியே வந்தது என்று படம் போடுகிறார்களே, அதை ஆய்வகத்தில் சோதித்து 2005இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். அது குடலுக்குள் எண்ணெயும் சாறும் சேர்ந்து உண்டான சோப்புக் கட்டி, அதில் பித்தக்கல் எதுவும் இல்லை. சிறுநீரகக் கல் மாதிரி இது வழுக்கி வெளியே வந்துவிட்டால் நல்லதுதானே என்றும் கேட்பார்கள். வேண்டாம், பித்தக்கல் நகர்வதுதான் ஆபத்து.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்க முடியாதா என்ற கேள்விக்கு 1882இலேயே பதில் கிடைத்துவிட்டது. பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற சர்ஜன் அந்த ஆண்டுதான் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். பையில் கல் இருக்கிறது என்பதற்காக அல்ல, அந்தப் பையே கல்லை உண்டாக்குகிறது என்பதற்காகத்தான் அதை எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். பையை வைத்துக்கொண்டால் கல் திரும்ப வரும்.

எடுத்த பிறகு சாப்பாடு? பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்துவைத்து கெட்டியாக்கும் இடம் மட்டும்தான், 30 முதல் 50 மி.லி. பிடிக்கும். அது போனால் பித்தம் நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். முதல் சில வாரம் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சிலருக்குச் சாப்பிட்டவுடன் வயிற்றால் போகும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும், நீடித்தால் அதற்கு மருந்து இருக்கிறது. எனக்கு மூன்று வாரம் இருந்தது. இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன்.

ஆபரேஷன் முடிந்த முதல் நாள் வயிற்றைவிட வலது தோள்பட்டை வலிக்கலாம், பயந்துவிடாதீர்கள். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில், வயிற்றை உப்பவைக்கக் கரியமில வாயு விடுவார்கள், மிச்சமிருப்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும், அந்த நரம்பும் தோள்பட்டை நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளைக்குத் தோள் வலிப்பது போலத் தோன்றும். எழுந்து நடந்தால் சீக்கிரம் குறையும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமுங்கள். மலச்சிக்கலுக்கு முதல் நாளே ஏதாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வலி மருந்துகளால் வரும், முக்குவது தையலுக்கு நல்லதில்லை. லேப்ராஸ்கோப்பி என்றால் இரண்டு வாரத்தில் பெரும்பாலான வேலைகளுக்குத் திரும்பலாம், பெரிய வெட்டு என்றால் கனம் தூக்க ஆறு வாரம் வரை ஆகும். தாம்பத்தியம் எப்போது என்று எல்லோரும் வெளியே போகும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்பார்கள். வலி இல்லாமல் இருந்தால் ஓரிரு வாரத்தில், வயிற்றில் பாரம் விழாமல், ஒன்றும் தப்பில்லை.

பாதியில் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டிவந்தால் அதை டாக்டரின் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அழற்சியில் எல்லாம் ஒட்டிக்கிடந்து குழாய் சரியாகத் தெரியாதபோது திறப்பதுதான் பத்திரம். பித்தக்குழாய் அடிபடுவது ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு நடக்கக்கூடியது, நடந்தால் பெரிய சிக்கல். வீட்டுக்கு வந்தபின் வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினாலும், கண் மஞ்சளானாலும், ஜுரம் வந்தாலும், ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கினாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் சொன்னதில் அவசரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கடந்த ஒரு வருடத்தில் நான் மேலே சொன்ன மாதிரி நெஞ்சுக்குழி வலி வந்ததா என்று நிதானமாக யோசியுங்கள், வாயு என்று விட்டதையும் சேர்த்து. வந்திருந்தால் தேதி, நேரம், எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். அப்படிப் பித்தப்பையை எடுப்பதாக முடிவானால், லேப்ராஸ்கோப்பி பெரும்பாலும் தொப்புள் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது, அதே மயக்கத்தில் ஹெர்னியாவையும் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். பல பேருக்கு அப்படிச் செய்கிறார்கள். பித்தப்பையில் சீழ் பிடித்திருந்தால் மட்டும் வலை வைக்கத் தயங்குவார்கள், தொற்று பரவும் என்பதால். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, எடை குறைக்கும் ஊசி எது எடுத்தாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். புகைபிடிப்பவராக இருந்தால் நாலு வாரம் முன்பே நிறுத்துங்கள்.